வீடியோவிலிருந்து ஆடியோ: அப்படியே எடுப்பதா, மாற்றி எடுப்பதா?

போனில் எடுத்த ஒரு மணி நேரக் கச்சேரி வீடியோ ஒன்று கையில் இருக்கிறது. எம்பி4 கோப்பு. அதற்குள் ஒலி ஏஏசி என்ற சுருக்கிய வடிவில், 192 கேபிபிஎஸ் (நொடிக்கு 192 கிலோபிட்). அதை எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் காப்பி முறையில், அதாவது மாற்றி எழுதாமல் அப்படியே எடுத்தால், ஏறக்குறைய 86 மெகாபைட்டுக்கு ஒரு எம்4ஏ கோப்பு கிடைக்கும். டிஸ்க் படித்து முடிக்கிற நேரம்தான் ஆகும். விஎல்சி பிளேயரில் எதையும் தொடாமல் எம்பி3 புரொஃபைலைத் தேர்ந்தெடுத்தால் 58 மெகாபைட். சுருக்காத வேவ் கோப்பாக எடுத்தால் 691 மெகாபைட். ஒலி திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டியில் திறந்தாலே போதும், புராஜெக்ட் கோப்பு 1.4 ஜிகாபைட்டை நெருங்கிவிடும்.

நான்கிலும் கேட்பது ஒரே கச்சேரிதான். தரத்தில் முதலாவதும் மூன்றாவதும் நான்காவதும் சமம். 691 மெகாபைட் வேவ், 86 மெகாபைட் எம்4ஏவை விட ஒரு துளிகூட நன்றாக இருக்காது. போன் பதியும்போதே எதைத் தள்ளியதோ அது போனது போனதுதான். இரண்டாவது மட்டும் ஒரு படி இறங்கியது. ஆனால் பெரும்பாலானோர் செய்வது அந்த இரண்டாவதைத்தான், ஏனென்றால் "வீடியோ டு எம்பி3" என்றுதான் தேடுகிறோம்.

ஆகவே எந்த சாஃப்ட்வேர் நல்லது என்பதைவிட, அது ஒலியை அப்படியே எடுக்கிறதா, மாற்றி எழுதுகிறதா என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. எம்பி4, எம்கேவி, ஏவிஐ எல்லாம் டிபன் கேரியர் மாதிரி. ஒரு அடுக்கில் வீடியோ, ஒரு அடுக்கில் ஆடியோ, சிலவற்றில் சப்டைட்டில் இன்னொரு அடுக்கில். அடுக்கைக் கழற்றி அப்படியே வெளியே வைத்தால் சாம்பார் கேரியரில் இருந்தபடியே இருக்கும். வேறு பாத்திரத்துக்கு மாற்றி, தண்ணீர் ஊற்றி, மறுபடி சூடாக்கினால் அது வேறு சாம்பார். ஏஏசியைப் பிரித்து எம்பி3 ஆக்குவது அந்த இரண்டாவது வேலை. ஏஏசி ஏற்கெனவே சில நுணுக்கங்களைத் தள்ளிவிட்டுத்தான் சுருக்கியது. எம்பி3 தன் கணக்குக்கு இன்னும் கொஞ்சம் தள்ளும். பேச்சில் இது தெரியாது. மிருதங்கத்தில் தெரியும்: 128 கேபிபிஎஸ் எம்பி3யில் வலந்தலையின் கூர்மையான சொல் விழுவதற்கு ஒரு கணம் முன்பே மெல்லிய இரைச்சல் ஒன்று எழும், அடி மழுங்கும். ஜால்ராவின் கணீர் ஒலி நீருக்குள்ளிருந்து வருவது போல் குழையும். ஹெட்போனில் ஒரு தடவை ஒப்பிட்டுக் கேட்டால் பிறகு அது காதை விட்டுப் போகாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது

எந்த வழியில் போனாலும் முதல் வேலை இது. விஎல்சி இருந்தால் வீடியோவை ஓடவிட்டு கன்ட்ரோல்-ஜே அழுத்துங்கள். ஒவ்வொரு தடமும் என்ன கோடெக் (ஒலியை எழுதிவைக்கும் முறை), எத்தனை சேனல், என்ன சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை மாதிரி) என்று காட்டும். ஏசி-3 ஒலியை விஎல்சி "ஏ52" என்ற பெயரிலும் சொல்லும், இரண்டும் ஒன்றுதான். இன்னும் விவரம் வேண்டுமென்றால் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள், பிட்ரேட் (நொடிக்கு எத்தனை கிலோபிட்), மொழி, தாமதம் வரை சொல்லிவிடும்.

வழக்கமாக எதில் எது இருக்கும்? போன் வீடியோவில் ஏஏசி. வெப்எம் கோப்பில் ஓபஸ் அல்லது வோர்பிஸ். ஏவிசிஎச்டி கேம்கார்டரின் எம்டிஎஸ் கோப்பில் பெரும்பாலும் ஏசி-3. டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் பலவற்றின் எம்ஓவி கோப்பில் சுருக்காத பிசிஎம். பழைய நோக்கியா காலத்து 3ஜிபி கோப்பில் ஏஎம்ஆர், அதுவும் 8 கிலோஹெர்ட்ஸ். அதில் வருகிற குரல் டெலிபோன் குரல்தான், எதைக் கொண்டு எடுத்தாலும் அப்படியேதான் இருக்கும். எம்கேவியில் எதுவும் இருக்கலாம்.

இந்தத் தகவல் ஏன் வேண்டும் என்றால், வெளியே வைக்கிற கோப்பின் நீட்சி (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வருவது) கோடெக்கோடு பொருந்த வேண்டும். ஏஏசிக்கு எம்4ஏ. ஓபஸுக்கு ஓபஸ் அல்லது ஓஜிஜி. பிசிஎம்முக்கு வேவ். ஏசி-3க்கு ஏசி3. எதுவென்று தெரியவில்லையா, தடங்கள் பல கலந்து கிடக்கின்றனவா, எம்கேஏ என்று வையுங்கள். எம்கேவியின் ஒலி மட்டும் கொண்ட வடிவம் அது. மேலே சொன்ன கோடெக்குகள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும்.

எம்பி4 என்பதை எம்பி3 என்று பெயர் மாற்றுவதால் எதுவும் நடக்காது. கம்ப்யூட்டரில் பாடும், ஏனென்றால் பிளேயர் பெயரைப் பார்க்காமல் உள்ளடக்கத்தைப் படிக்கிறது. காரின் யுஎஸ்பியில் செருகினால் "அன்சப்போர்டட்" என்று நின்றுவிடும்.

எஃப்எஃப்எம்பெக்

2000இல் ஃபாப்ரீஸ் பெல்லார்ட் தொடங்கிய திட்டம். கீழே வரப்போகிற மென்பொருள்களில் பாதிக்கு மேல் உள்ளே இதைத்தான் பயன்படுத்துகின்றன. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஜன்னல், பொத்தான் எதுவும் கிடையாது. கட்டளை தட்ட வேண்டும். பலரும் இங்கேயே பின்வாங்குகிறார்கள். ஆனால் தேவைப்படுவது ஒரே வரி:

எஃப்எஃப்எம்பெக் -ஐ கச்சேரி.எம்பி4 -விஎன் -சி:ஏ காப்பி கச்சேரி.எம்4ஏ

கட்டளைச் சொற்களையும் நீட்சிகளையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். "ஐ" என்பது உள்ளே வரும் கோப்பு. "விஎன்" என்றால் வீடியோ வேண்டாம். "சி:ஏ காப்பி" என்றால் ஆடியோ கோடெக்கைத் தொடாதே, அப்படியே நகல் எடு. கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதிப் பெயரை ஒரு கோப்பாக எடுத்துக்கொண்டு, அப்படியொன்று இல்லை என்று சொல்லிவிடும். தமிழ்ப் பெயர்கள் விண்டோஸின் பழைய கறுப்பு ஜன்னலில் கட்டம் கட்டமாகத் தெரியலாம். அது எழுத்துருக் குறைதான், கட்டளை வேலை செய்யும்.

தவறு நடக்கும் இடங்கள் சில. முதலாவது, "காப்பி" என்ற சொல்லை விட்டுவிட்டு, வெளியே எம்பி3 என்று பெயர் கொடுப்பது. எஃப்எஃப்எம்பெக் மறுபேச்சின்றி 128 கேபிபிஎஸ்ஸில் மாற்றி எழுதிவிடும். எம்பி3தான் வேண்டும் என்றால் தரத்தை நீங்களே சொல்லுங்கள்: "-க்யூ:ஏ 2" என்று சேர்த்தால் சராசரி 190 கேபிபிஎஸ் அளவில், இசைக்குப் போதுமான எம்பி3 வரும்.

இரண்டாவது, வெப்எம்மிலிருந்து எடுக்கும் ஓபஸ் ஒலியை எம்4ஏவுக்குள் காப்பி செய்யப் பார்ப்பது. "குட் நாட் ஃபைண்ட் டேக் ஃபார் கோடெக்" என்று தொடங்கும் பிழை வரும், பூஜ்யம் பைட்டில் ஒரு கோப்பு கிடக்கும். வீடியோவில் கோளாறு எதுவும் இல்லை. நீட்சியை ஓபஸ் என்று மாற்றினால் தீர்ந்தது.

மூன்றாவது, விண்டோஸில் கட்டளையையே அடையாளம் தெரியவில்லை என்று வருவது. ஜிப் கோப்பைப் பிரித்து எங்கோ வைத்திருப்பீர்கள், விண்டோஸ் கட்டளைகளைத் தேடும் "பாத்" பட்டியலில் அந்த ஃபோல்டர் இருக்காது. விண்டோஸ் 10, 11இல் விங்கெட் (மென்பொருள் நிறுவும் கட்டளை) வழியாக நிறுவினால் பெரும்பாலும் இந்தத் தலைவலி இல்லை. நிறுவிய பிறகு டெர்மினலை மூடித் திறக்க மட்டும் மறக்க வேண்டாம்.

ஒரு பகுதி மட்டும் வேண்டும் என்றால், முதலில் முழு ஒலியையும் காப்பி எடுத்துவிட்டு, அந்த ஒலிக் கோப்பில் வெட்டுவது நல்லது. வீடியோவை மாற்றி எழுதாமல் வெட்டினால் கீஃப்ரேம் (முழுப் படமாகப் பதிந்த ஃப்ரேம்) இருக்கும் இடத்தில்தான் வெட்டு விழும், சில நொடிகள் முன்பின் ஆகும். ஒலிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 48 கிலோஹெர்ட்ஸ் ஏஏசியில் ஒரு ஃப்ரேம் 1024 சாம்பிள், அதாவது 21 மில்லி செகண்ட். ஏசி-3யில் 1536 சாம்பிள், 32 மில்லி செகண்ட். அந்த அளவு துல்லியத்தில், தரம் குறையாமல், ஆலாபனையை மட்டும் தனியே நறுக்கிவிடலாம்.

லாஸ்லெஸ்கட்

கட்டளை தட்ட மனமில்லாதவர்களுக்கு நாம் முதலில் சொல்வது இதைத்தான். உள்ளே எஃப்எஃப்எம்பெக், வெளியே ஜன்னல். வீடியோவை இழுத்துப் போட்டு, "டிராக்ஸ்" பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு தடமும் கோடெக், மொழியோடு வரிசையாக வரும். வீடியோவை அணைத்துவிட்டு ஆடியோவை மட்டும் ஏற்றுமதி செய்யலாம். எல்லாத் தடங்களையும் தனித்தனிக் கோப்பாகக் கழற்றும் வசதியும் மெனுவில் இருக்கிறது. பெயரே சொல்வது போல மாற்றி எழுதுவதற்கென்று வந்ததில்லை, அதனால் தெரியாமல் தரம் இழக்கும் ஆபத்தும் இல்லை. கிட்ஹப்பில் இலவசமாகக் கிடைக்கும். விண்டோஸ், மேக் ஸ்டோர்களில் விலை கொடுத்து வாங்கினால் அது உருவாக்கியவருக்கான ஆதரவு.

குறை என்னவென்றால் எம்பி3 வேண்டும் என்பவருக்கு இது உதவாது. கோப்பில் ஏஏசி இருந்தால் ஏஏசிதான் தரும்.

விஎல்சி

எல்லார் கம்ப்யூட்டரிலும் ஏற்கெனவே இருப்பதுதான் இதன் பெரிய பலம். கன்ட்ரோல்-ஆர், கோப்பைச் சேர், கன்வர்ட், புரொஃபைலில் "ஆடியோ – எம்பி3", சேமிக்கும் இடம், ஸ்டார்ட். முடிந்தது. ஆனால் அந்த எம்பி3 புரொஃபைலின் உள்ளமைப்பு 128 கேபிபிஎஸ், 44.1 கிலோஹெர்ட்ஸ், இரண்டு சேனல். பிட்ரேட் குறைகிறது, 48 கிலோஹெர்ட்ஸில் இருந்த ஒலி காரணமே இல்லாமல் 44.1க்கும் இறங்குகிறது. புரொஃபைலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பானர் பொத்தானை அழுத்தி, ஆடியோ கோடெக் பகுதியில் பிட்ரேட்டை 192 அல்லது 256 ஆக்கி, சாம்பிள் ரேட்டை 48000 ஆக்கிவிடுங்கள். அதே இடத்தில் "கீப் ஒரிஜினல் ஆடியோ டிராக்" என்று ஒரு பெட்டி உண்டு. அதை டிக் செய்து, என்கேப்சுலேஷன் பகுதியில் எம்பி4 வைத்து, வீடியோவை அணைத்தால் விஎல்சியும் காப்பி முறையில் எடுக்கும். இத்தனை பொத்தானுக்கு எஃப்எஃப்எம்பெக் ஒரு வரி சுலபம் என்பது நம் எண்ணம்.

விஎல்சி மாற்றும்போது, வீடியோ ஓடும்போது நகரும் அதே நேரக்கோடுதான் நகரும். முடிந்தது என்று எந்தச் செய்தியும் வராது. நடுவில் ஸ்டாப் அழுத்தினாலோ ஜன்னலை மூடினாலோ பாதிக் கோப்பு நிற்கும், அதுவும் சாதாரணமாகப் பாடும். கடைசிப் பாட்டு இல்லை என்பது ஒரு மாதம் கழித்துத் தெரியும். எடுத்த கோப்பின் மொத்த நேரத்தை வீடியோவோடு ஒப்பிட்டுவிட்டு மூடுங்கள்.

ஆடாசிட்டி

ஒலியைத் திருத்தப் போகிறீர்கள் என்றால் மட்டும். இரைச்சல் குறைக்க, முன்னும் பின்னும் வெட்ட, சத்தம் கூட்ட இதைவிட எளிய இலவச வழி இல்லை. வெறுமனே பிரித்தெடுக்க மட்டும் இதைத் திறப்பது பேனா மூடியைத் திருக ஸ்பானர் தேடுவது போல.

விண்டோஸில் எம்பி4 கோப்பை இது தானாகத் திறக்காது. எஃப்எஃப்எம்பெக் லைப்ரரியைத் தனியே நிறுவ வேண்டும். பிரிஃபரன்ஸஸில் லைப்ரரிஸ் பக்கத்தில் அது தென்படுகிறதா என்று பார்க்கலாம். நிறுவியும் தென்படவில்லை என்றால் பெரும்பாலும் பதிப்புப் பொருத்தம் இல்லாததே காரணம். இந்தச் சுற்றே வேண்டாம் என்றால், எஃப்எஃப்எம்பெக்கில் முதலில் வேவ் ஆக்கிக்கொண்டு அதை ஆடாசிட்டியில் திறக்கலாம்.

திறந்தவுடன் ஒலி முழுவதும் 32 பிட் ஃப்ளோட்டாக (எல்லை தாண்டிய உச்சியையும் தாங்கும் எண் வடிவம்) விரிந்துவிடும். 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் மணிக்கு 1.38 ஜிகாபைட். மூன்று மணி நேரக் கச்சேரி, இரண்டு மூன்று எஃபெக்ட் என்று போனால் அன்டூ வரலாற்றோடு சேர்ந்து பத்து ஜிகாபைட்டைத் தாண்டும். சி டிரைவில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதி எதுவானாலும் அது மாற்றி எழுதுவதுதான். ஆகவே வேலை முடியும்வரை வேவ் அல்லது ஃப்ளாக்கில் (தரம் இழக்காமல் சுருக்கும் வடிவம்) வைத்திருந்து, கடைசியில் ஒரே முறை எம்பி3 ஆக்குங்கள். வெட்டி எம்பி3, திறந்து இரைச்சல் நீக்கி எம்பி3, மறுபடி சத்தம் கூட்டி எம்பி3 என்றால் மூன்று தலைமுறை இழப்பு.

கல்யாண மண்டபத்து நாதஸ்வரம், தவில் பதிவுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். போன் மைக் தாங்காமல் அலையின் உச்சி தட்டையாகிப்போன பதிவு நிறைய. ஆடாசிட்டியில் பெரிதாக்கிப் பார்த்தால் மலைமுகடு மாதிரி இருக்க வேண்டியது வெட்டிய வரப்பு மாதிரி இருக்கும். அதை எந்தப் பிரித்தெடுப்பும் திரும்பக் கொண்டுவராது. ஆனால் சில பதிவுகளில் உச்சி, பதியும்போது வெட்டுப்படாமல், ஏஏசியை விரிக்கும்போது மட்டும் எல்லையைச் சற்றே தாண்டும். 16 பிட் வேவாக எடுத்தால் அது வெட்டுப்படும். 32 பிட் ஃப்ளோட்டில் திறந்து மூன்று டெசிபெல் இறக்கினால் முழுசாக இருக்கும். தவில் பதிவுகளை நேரே ஆடாசிட்டியில் திறப்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

பல தடங்கள் உள்ள கோப்புகள்

தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று ஒலித்தடம் உள்ள எம்கேவியில் எஃப்எஃப்எம்பெக்கிடம் எதுவும் சொல்லாமல் விட்டால், அது மொழியைப் பார்க்காது. சேனல் எண்ணிக்கையையும், முதன்மைத் தடம் என்ற கொடியையும் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். தமிழ் ஸ்டீரியோவாகவும் இந்தி 5.1 (ஆறு சேனல்) ஆகவும் இருந்தால் இந்தி வந்து நிற்கலாம். "-மேப் 0:ஏ:1" என்று சேர்த்தால் இரண்டாவது ஒலித்தடம் வரும். எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது என்பதை மனத்தில் வையுங்கள். தமிழுக்கான மூன்றெழுத்துக் குறியான "டிஏஎம்" கொண்டும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் கோப்பை உருவாக்கியவர் அந்தக் குறியைச் சரியாக இட்டிருந்தால் மட்டுமே. இடாத கோப்புகள் ஏராளம்.

இங்கே எம்கேவி டூல்நிக்ஸ் கைகொடுக்கும். கோப்பை இழுத்துப் போட்டு, வீடியோ, சப்டைட்டில் எல்லாவற்றின் டிக்கையும் எடுத்துவிட்டு, வேண்டிய ஆடியோவை மட்டும் விட்டு மக்ஸ் செய்தால் (ஒரே கோப்பாகக் கட்டினால்) எம்கேஏ வந்துவிடும். எம்பி4 உள்ளீட்டையும் இது ஏற்கும். கூடவே வரும் எம்கேவிஎக்ஸ்ட்ராக்ட் என்ற கருவி தடத்தை வெறும் கோடெக் கோப்பாகக் கழற்றும்; அதற்கு ஜன்னல் வேண்டுமென்றால் ஜிஎம்கேவிஎக்ஸ்ட்ராக்ட்ஜியுஐ. வெறும் ஏஏசி கோப்பில் நேர அட்டவணை இருக்காது. பிளேயர் உத்தேசமாக ஒரு நேரம் காட்டும், நடுவுக்குத் தாவினால் வேறெங்கோ போய் நிற்கும். அதே ஒலியை எம்4ஏவுக்குள் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

வெறும் கோப்பாகக் கழற்றும்போது இன்னொன்றும் போகும். சில எம்கேவிகளில் ஒலி, படம் தொடங்கிச் சில நூறு மில்லி செகண்ட் கழித்துத் தொடங்கும்படி குறித்திருப்பார்கள். அந்தக் குறிப்பு வெறும் கோப்பில் தங்காது. தனியாகக் கேட்க மட்டும் என்றால் கவலையில்லை. திருத்திவிட்டு மறுபடி வீடியோவோடு சேர்க்கப் போகிறீர்கள் என்றால் உதடு ஒன்று சொல்லும், ஒலி ஒன்று சொல்லும். மேலே சொன்ன ஜன்னல் கருவி இந்தத் தாமதத்தைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைக்கும்; அந்தப் பெயரை அழிக்காமல் வைத்திருங்கள்.

பாடம் எடுப்பவர்களும் கேம் விளையாடிப் பதிபவர்களும் பயன்படுத்தும் ஓபிஎஸ் ஸ்டூடியோ ஆறு தடங்கள் வரை பதியும். மைக் ஒரு தடம், கம்ப்யூட்டர் ஒலி ஒரு தடம் என்று பிரித்திருப்பார்கள். சாதாரண பிளேயர் முதல் தடத்தை மட்டும் பாடும். "என் குரல் பதிவாகவே இல்லை" என்று கலங்குகிறவர்களில் பலருக்கு அது இரண்டாம் தடத்தில் பத்திரமாக இருக்கும். "-மேப் 0:ஏ" என்று கொடுத்து எம்கேஏவாக எடுத்தால் எல்லாம் வரும். ஜூமில் உங்கள் கம்ப்யூட்டரிலேயே பதிவு செய்திருந்தால் பிரிக்கும் வேலையே இல்லை; வீடியோ இருக்கும் ஃபோல்டரில் ஒலி மட்டும் உள்ள எம்4ஏ தனியாகவே இருக்கும், தேடிப் பாருங்கள்.

விசிடியும் டிவிடியும்

தமிழ் வீடுகளின் பீரோக்களில் கல்யாண விசிடிகள் இன்னும் இருக்கின்றன. அதில் இருக்கும் தாத்தா பாட்டி குரலுக்காகவே எடுக்க நினைப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள், ஏனென்றால் தட்டு வீணாகிக்கொண்டே இருக்கிறது. விசிடியில் வீடியோ எழுதும் செக்டர்களில் சாதாரண டேட்டா சிடியில் இருக்கும் கூடுதல் பிழைதிருத்தம் கிடையாது. இடத்தை மிச்சப்படுத்த அதை விட்டுவிட்டார்கள். அதனால் சின்னக் கீறலும் "கிர்ர்" என்று கேட்கும். தட்டைத் துடைப்பதென்றால் நடுவிலிருந்து விளிம்புக்கு, நேர்கோட்டில். வட்டமாகத் துடைக்கக் கூடாது.

எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரில் ஏவிசீக்01.டாட் போன்ற பெயரில் இருக்கும். முதலில் அதை ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். நேரே தட்டிலிருந்து மாற்ற வேண்டாம், டிரைவ் திணறினால் நடுவில் நின்றுவிடும். ஒரு டிரைவ் படிக்காத தட்டை இன்னொரு டிரைவ் படிப்பது சகஜம், ஆகவே இரண்டு மூன்றில் முயலுங்கள். உள்ளே ஒலி எம்பி2, 224 கேபிபிஎஸ், 44.1 கிலோஹெர்ட்ஸ். காப்பி முறையில் எம்பி2 கோப்பாக எடுத்து அதையே மூலமாக வையுங்கள். உறவினர்களுக்கு அனுப்ப அதிலிருந்து எம்பி3 எடுத்துக்கொள்ளலாம்.

டிவிடியில் விடிஎஸ்_01_1, விடிஎஸ்_01_2 என்று விஓபி கோப்புகள் ஒவ்வொன்றும் ஒரு ஜிகாபைட்டுக்குள் துண்டு துண்டாக இருக்கும். பூஜ்யத்தில் முடிவது மெனு, அது வேண்டாம். ஒவ்வொன்றையும் தனியே எடுத்துப் பிறகு ஒட்டினால் ஒட்டுமிடத்தில் சொல் துண்டாகும். முதலில் விண்டோஸின் "காப்பி /பி" கட்டளையால் விஓபிகளை வரிசையாக ஒன்றாக்கி, அதிலிருந்து எடுங்கள். எஃப்எஃப்எம்பெக் ஒலித்தடமே இல்லை என்று சொன்னால் பதற வேண்டாம். தொடக்கத்தில் டைட்டில் மௌனமாக ஓடியிருக்கும், அது பார்த்த அளவுக்குள் ஒலி வரவில்லை. "அனலைஸ்டியூரேஷன்", "புரோப்சைஸ்" இரண்டு மதிப்புகளையும் கூட்டிக் கொடுத்தால் கண்டுபிடிக்கும்.

இணையதளங்கள்

கோப்பை ஏற்றினால் எம்பி3 தரும் தளங்கள் ஏராளம். இரண்டு நிமிட வாட்ஸ்அப் வீடியோவுக்குச் சரி. இரண்டு ஜிகாபைட் கோப்பை 10 எம்பிபிஎஸ் அப்லோடில் ஏற்றவே 27 நிமிடம். வீட்டிலேயே காப்பி முறையில் எடுத்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. குடும்ப வீடியோ, வகுப்பறைக் குழந்தைகள், நோயாளியின் பேச்சு எதையும் இப்படி ஏற்றாதீர்கள். ஹேண்ட்பிரேக்கைச் சிலர் சொல்வார்கள். அது வீடியோவைச் சுருக்க நல்லது, ஒலியை மட்டும் வெளியே எடுக்க அதில் வழி இல்லை. மேக்கில் குவிக்டைம் பிளேயரின் ஃபைல் மெனுவில் "எக்ஸ்போர்ட் ஆஸ்", "ஆடியோ ஒன்லி" இருக்கிறது. அவசரத்துக்கு அது போதும்.

எதற்கு எந்த வடிவம்

பாதுகாத்து வைக்க: காப்பி முறையில் வந்ததுவே. ஏஏசியை ஃப்ளாக் ஆக்கினால் இடம்தான் பெருகும். மூலமே பிசிஎம் என்றால் மட்டும் ஃப்ளாக்குக்கு அர்த்தம் உண்டு.

போனில் கேட்க எம்4ஏ. பழைய கார் ஸ்டீரியோ, பென் டிரைவ் பாட்டுப்பெட்டி என்றால் வேறு வழியில்லை, எம்பி3. 192க்குக் கீழே இறங்காதீர்கள். ஏசி-3 கோப்பைப் பல போன்கள் பாடாது, அதை ஏஏசி ஆக்கத்தான் வேண்டும்.

சொற்பொழிவு, வகுப்பு, பேட்டி: ஓபஸ், ஒரே சேனல், 32 கேபிபிஎஸ். ஒரு மணி நேரம் 15 மெகாபைட்டுக்குள் அடங்கும், பேச்சு தெளிவாகவே இருக்கும். எம்பி3யை இந்த அளவுக்கு இறக்கினால் குரல் தகரமாகிவிடும்.

பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளுக்கு: 16 கிலோஹெர்ட்ஸ், மோனோ, 16 பிட் வேவ். மணிக்கு 115 மெகாபைட். விஸ்பர் போன்றவை உள்ளே வேலை செய்வதே 16 கிலோஹெர்ட்ஸில்தான், அதற்கு மேல் கொடுப்பது வீண்.

மோனோ ஆக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. மேடை மிக்ஸரிலிருந்து பேலன்ஸ்டு வயரை (ஒரே ஒலியை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பிகளில் அனுப்புவது) நேரே கேமராவின் ஸ்டீரியோ மைக் துளையில் செருகியிருந்தால், இடது சேனலில் ஒலி நேராகவும் வலது சேனலில் தலைகீழாகவும் பதிவாகியிருக்கும். ஹெட்போனில் சற்று விநோதமாக, ஆனால் கேட்கும். இரண்டையும் கூட்டி மோனோ ஆக்கினால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். கிட்டத்தட்ட வெறும் மௌனம் மிஞ்சும். ஒற்றை ஸ்பீக்கர் போனில் பேச்சு காணாமல்போவதும் இதனால்தான். தீர்வு எளிது: கூட்டாமல் இடது சேனலை மட்டும் எடுங்கள். ஆடாசிட்டியில் ஸ்டீரியோவை இரண்டு மோனோவாகப் பிரித்து ஒன்றை நீக்கினால் போதும். ஒரு பக்க மைக் மட்டும் வேலை செய்த பதிவுகளுக்கும் இதே வைத்தியம்.

வேவ் எடுப்பவர்கள் அளவையும் கவனியுங்கள். சாதாரண வேவ் கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். அதே ஒலி 5.1 ஆக இருந்தால் இரண்டு மணி நான்கு நிமிடத்திலேயே எல்லை வந்துவிடும். நீண்ட பதிவுகளுக்கு ஃப்ளாக் பாதுகாப்பானது.

டிவி பெட்டியில் பதிந்த டிஎஸ் கோப்புகளுக்கு மட்டும் காப்பி முறை சில நேரம் காலை வாரும். மழை நேரத்தில் சிக்னல் விட்டு விட்டு வந்திருந்தால் ஒலியில் அங்கங்கே ஓட்டைகள் இருக்கும். காப்பி எடுக்கும்போது அந்த ஓட்டைகள் மூடிக்கொண்டு, மொத்த ஒலி சில நொடி சுருங்கும். கேட்க மட்டும் என்றால் பரவாயில்லை. படத்தோடு மறுபடி சேர்க்க வேண்டுமென்றால் எஃப்எஃப்எம்பெக்கின் "ஏரீசாம்பிள்" ஃபில்டரில் "அசிங்க்=1" கொடுத்து வேவாக எடுங்கள்; ஓட்டை இருந்த இடத்தில் அதே அளவு மௌனத்தை நிரப்பித் தரும்.

கடைசியாக, எடுத்த கோப்பைத் தொடக்கத்தில் பத்து நொடி, நடுவில் பத்து நொடி, முடிவில் பத்து நொடி கேளுங்கள். மொத்த நேரம் வீடியோவோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒரு நொடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. அதுவரை மூல வீடியோவை அழிக்க வேண்டாம்.